எனக்கு முன்பே கடல் கடந்த எண்

ராட்டர்டாம் நகருக்குள்ளிருந்து கிளம்பும் மெட்ரோ ரயில் ஹூக் வான் ஹாலந்தில் கடற்கரை மணலுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. அதோடு தண்டவாளம் முடிகிறது. அப்புறம் வட கடல்தான். நான் ஒரு நிறுத்தம் முன்பே இறங்கி, எதிர்க்கரைக்குப் போகும் படகுக்காக நின்றேன். மே மாதக் கடைசி. பொள்ளாச்சியில் கத்திரி வெயில் ஓய்ந்து ஆனைமலைப் பக்கம் மேகம் திரளத் தொடங்கியிருக்கும். இங்கே காற்று காதுமடலைப் பிடித்துத் திருகியது.

எதிர்க்கரையில் வானவிளிம்பு முழுக்க நீலம், சிவப்பு, பச்சை, காவி எனக் கட்டம் கட்டமாக ஏதோ அடுக்கியிருந்தது. ஊர் என்று முதலில் நினைத்தேன். படகு நெருங்க நெருங்கத்தான் தெரிந்தது, அத்தனையும் கன்டெய்னர்கள். அவற்றுக்கு மேலே கழுத்தை நீட்டிக்கொண்டு கிரேன்கள். கிரேன்களுக்குக் கீழே 400 மீட்டர் நீளக் கப்பல் ஒன்று. 24,000 இருபதடிப் பெட்டிகள் கொள்ளும் வகை அது. எங்கள் ஆலையில் ஒரு நாற்பதடிப் பெட்டி வந்து நின்றாலே முற்றத்தில் வேறு வண்டி திரும்ப முடியாது. அந்தப் பெட்டி இந்தக் கப்பலின் மேல் ஒரு செங்கல்.

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னைநார் ஆலையில் பதினான்கு வருடங்களாக டெஸ்பாட்ச் பார்க்கிறேன். தேங்காய் மட்டையிலிருந்து நாரைப் பிரித்த பிறகு மிஞ்சும் பழுப்புத் தூளைப் பித் என்போம். நான் சிறுவனாக இருந்தபோது அது சாலையோரங்களில் மலையாகக் குவிந்து கிடக்கும். யாருக்கும் வேண்டாத கழிவு. இன்று அதே தூளை உப்பு போகக் கழுவி, கால்சியம் நைட்ரேட்டில் ஊறவைத்து, களத்தில் காயப்போட்டு, அழுத்திக் கட்டியாக்கித் தூத்துக்குடி வழியே அனுப்புகிறோம். ஐந்து கிலோக் கட்டி ஒன்று தண்ணீர் குடித்தால் எழுபது லிட்டர் அளவுக்கு உப்பிவிடும். நெதர்லாந்தின் கண்ணாடிப் பண்ணைகளில் தக்காளியும் வெள்ளரியும் மிளகாயும் வேர்விடுவது மண்ணில் அல்ல. பல இடங்களில் இந்தத் தூளில்தான்.

ஆலையில் என் வேலை லேபிள். சரக்கை அடுக்கிக் கட்டிய ஒவ்வொரு மரப் பேலட்டுக்கும் ஒரு பார்கோடு லேபிள், ஒவ்வொன்றிலும் வேறொரு எண். பதினான்கு வருடங்களாக என் எண்கள் கடல் கடந்துகொண்டிருந்தன, நான் கடந்ததில்லை. இந்த முறை ஆம்ஸ்டர்டாமில் நடந்த ஒரு கண்காட்சிக்கு ஆலையிலிருந்து அனுப்பினார்கள். இரண்டு நாள் கூடுதலாகக் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒரு நாள் துறைமுகத்துக்கு, மறுநாள் எங்கள் சரக்கை வாங்குகிறவரின் கிடங்குக்கு.

படகு சேர்ந்த இடத்தின் பெயர் மாஸ்விளக்டே. அங்கே காலடியில் இருக்கும் நிலமே மனிதன் செய்தது. 2008க்குப் பிறகு கடலடியிலிருந்து சுமார் 24 கோடி கன மீட்டர் மணலை அள்ளிக் கொட்டி, 2,000 ஹெக்டேர் பரப்பில் துறைமுகத்தைக் கடலுக்குள் நீட்டியிருக்கிறார்கள். நகரத்திலிருந்து இந்த முனை வரை துறைமுகத்தின் நீளம் 40 கிலோமீட்டருக்கு மேல். கோயம்புத்தூர் உக்கடத்தில் தொடங்கி எங்கள் பொள்ளாச்சியில் முடிகிற ஒரே துறைமுகம் என்று வைத்துக்கொண்டால் கணக்குச் சரியாக வரும். 2024இல் மட்டும் 1.38 கோடி டிஇயு, அதாவது அத்தனை இருபதடிப் பெட்டிகளுக்குச் சமமான சரக்கு, இதன் வழியே போய் வந்திருக்கிறது.

சுற்றிக் காட்டும் படகு ஒன்றில் ஏறினேன். கிரேன்களைப் பார்த்தபோது முதலில் ஏதோ குறைகிறது என்று மட்டும் தோன்றியது. சற்று நேரம் கழித்துத்தான் பிடிபட்டது: மனிதர்கள் இல்லை. தூத்துக்குடியில் கிரேனின் உச்சியில் கண்ணாடிக் கூண்டுக்குள் ஒருவர் குனிந்து கீழே பார்த்துக்கொண்டிருப்பார். இங்கே சில முனையங்களில் கூண்டே கிடையாது. கிரேனை இயக்குகிறவர் தொலைவில் ஓர் அலுவலக அறையில் திரை முன்னால் உட்கார்ந்திருக்கிறார். இறங்கிய பெட்டியைச் சுமந்து போகும் தட்டை வண்டியிலும் ஓட்டுநர் இல்லை. தரைக்கடியில் புதைத்த மின்குறிகளைத் தடவித் தடவி, திருப்பத்தில் ஒன்றுக்கொன்று வழிவிட்டு, தானே போய்த் தானே நிற்கிறது. 1993இலேயே இந்தத் துறைமுகத்தில் அப்படிப்பட்ட வண்டிகள் ஓடத் தொடங்கிவிட்டன. நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த காலம் அது.

ஆளில்லாத இடத்தில் ஒரு பெட்டியை இன்ன பெட்டி என்று யார் அடையாளம் சொல்வது? எனக்கு எப்போதும் இந்தக் கேள்வியில்தான் மனம் போய் நிற்கும். பெட்டியின் முதுகில் எழுதியிருக்கிற எண்தான் சொல்கிறது. மூன்று எழுத்து உரிமையாளருக்கு. பின்னால் ‘யூ’ என்ற ஓர் எழுத்து, சரக்குப் பெட்டி என்பதற்கு. ஆறு இலக்கத் தொடர் எண். கடைசியாகக் கட்டம் கட்டி ஒரே ஓர் இலக்கம். உரிமையாளர் எழுத்துகளை இரண்டு பேருக்குக் கொடுத்துவிடாமல் காப்பது பாரிஸில் இருக்கும் சர்வதேசக் கன்டெய்னர் பணியகம். 1933இல் தொடங்கியது. இன்று நாம் காணும் கன்டெய்னர் அப்போது பிறக்கவே இல்லை. மால்கம் மெக்லீன் என்ற லாரி முதலாளி ‘ஐடியல் எக்ஸ்’ கப்பலில் 58 பெட்டிகளை ஏற்றி நெவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பியது 1956 ஏப்ரல் 26இல். ராட்டர்டாமுக்கு அவருடைய நிறுவனத்தின் ‘ஃபேர்லாண்ட்’ வந்தது அதற்குப் பத்து வருடம் கழித்து, 1966 மே மாதம்.

கட்டத்துக்குள் நிற்கும் அந்த ஒற்றை இலக்கத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் தூத்துக்குடியிலிருந்து பெட்டி கொண்டுவரும் ட்ரெய்லர் ஓட்டுநர் ஒருவர். “முந்துன பத்தும் சரியாண்ணு பாக்கத்தான் தம்பி இது” என்றார். எப்படிப் பார்ப்பது என்று பிறகு நானே தேடிக் கற்றுக்கொண்டேன். பாடங்களில் வழக்கமாக வரும் எண்ணையே எடுத்துக்கொள்ளலாம்: சிஎஸ்க்யூயூ 305438, கட்டத்துக்குள் 3. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு. ‘ஏ’ 10இல் தொடங்கும். 11, 22, 33 மூன்றையும் தாண்டிவிட்டு ‘இசட்’ 38இல் முடியும். அப்படிப் பார்த்தால் சி 13, எஸ் 30, க்யூ 28, யூ 32. பிறகு பத்து இடத்துக்கும் 1, 2, 4, 8 என்று சதுரங்கக் கட்டத்து நெல்லைப் போல இரட்டித்துக்கொண்டே 512 வரை போய், இடத்துக்கு இடம் பெருக்கிக் கூட்டினால் 6,185. அதை 11ஆல் வகுத்தால் மீதி 3. கட்டத்துக்குள் அதே 3. ஓர் இலக்கம் தவறினாலும், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இரண்டு இடம் மாறினாலும் பெரும்பாலும் மீதி மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். நம் ஆதார் எண்ணின் கடைசி இலக்கமும் இப்படி முந்தைய பதினொன்றுக்கும் காவல் நிற்பதுதான். அதன் கணக்கு வேறு.

படகு மெல்லப் போய்க்கொண்டிருந்தது. கண்ணில் பட்ட பெட்டி ஒன்றின் எண்ணைக் கைப்பேசிப் பையிலிருந்த ரசீதின் பின்பக்கம் எழுதிப் போட்டுப் பார்த்தேன். சரியாக வந்தது. இன்னொன்று. அதுவும் சரி. ஷாங்காயிலோ சாண்டோஸிலோ யாரோ பெயின்ட் அடித்த எண் எனக்கு இந்தக் கடற்காற்றில் நின்றபடி விடை சொல்கிறது. சுற்றியிருந்தவர்கள் கப்பலைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் நான்காவது பெட்டிக்குப் போயிருந்தேன்.

இந்த இரும்புப் பெட்டிகளின் முதுகில் பார்கோடு இல்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வாயிலில் நிற்கும் கேமராக்கள் எழுத்தையே படித்துவிடுகின்றன. பார்கோடை ஒட்டிப் பார்த்த அனுபவம் அமெரிக்க ரயில்வேக்கு உண்டு. டேவிட் காலின்ஸ் என்பவர் சில்வேனியா நிறுவனத்தில் இருந்தபோது, ஒளியைத் திருப்பி அனுப்பும் வண்ணப் பட்டைகளைச் சரக்குப் பெட்டிகளின் பக்கவாட்டில் ஒட்டித் தண்டவாளம் ஓரத்திலிருந்து படிக்கும் ‘கார்ட்ராக்’ முறையைக் கொண்டுவந்தார். 1960களின் இறுதியில் நாடு முழுவதும் ஒட்டினார்கள். தூசி படிந்தது, சேறு அடித்தது. பட்டைகளைக் கழுவி வைக்க ஆளில்லை. 1970களின் கடைசியில் கைவிட்டுவிட்டார்கள். வெயிலும் உப்பும் படுகிற வெளிப்பக்கத்துக்குப் பெரிய எழுத்தே நிற்கும். பார்கோடுக்கு உரிய இடம் கதவுக்கு உள்ளே, பேலட்டின் மேல்.

பிற்பகல் அந்தச் செயற்கை நிலத்தின் கடல் பக்கத்துக்கு நடந்தேன். அகலமான மணல்கரை. ஐந்தாறு பேர் குனிந்த தலை நிமிராமல் நடந்துகொண்டிருந்தார்கள். சோழி பொறுக்குகிறார்கள் என்று எண்ணினேன். வயதான ஒருவர் என்னைப் பார்த்துப் புன்னகைத்து, பையிலிருந்து கறுத்த ஒரு துண்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். வரி வரியாக மேடு பள்ளம். மாமூத் யானையின் கடைவாய்ப் பல்லில் ஒரு சில்லு.

எனக்குக் கை லேசாக நடுங்கியது. இங்கே கொட்டிய மணல் வட கடலின் அடியிலிருந்து வந்தது. அந்தக் கடலடி பனியுகத்தில் தரை. பிரிட்டன் வரைக்கும் நடந்தே போகலாம். யானைகளும் கழுதைப்புலிகளும் அங்கே திரிந்தன; மனிதர்கள் வேட்டையாடினார்கள். பனி உருகிக் கடல் ஏற ஏற நிலம் சுருங்கி, ஏறக்குறைய 8,000 ஆண்டுகளுக்கு முன் மிச்சமும் மூழ்கிப்போனது. டாகர்லாந்து என்று அதற்கு ஆய்வாளர்கள் பெயரிட்டிருக்கிறார்கள். துறைமுகத்துக்கு மணல் அள்ளியபோது அந்த மூழ்கிய நாட்டின் எலும்புகளும் கூடவே ஏறி வந்துவிட்டன. அவர் தன் நோட்டுப் புத்தகத்தைக் காட்டினார். ஒவ்வொரு சில்லுக்கும் ஓர் எண், கண்டெடுத்த தேதி, இடம். “எண் போடாவிட்டால் இது வெறும் கல்” என்றார். பல்லைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனமே வரவில்லை.

அவர் போன பிறகு அந்த மணலில் உட்கார்ந்தேன். பார்கோடு பிறந்ததும் மணலில்தான். 1949 தொடக்கம், ஃப்ளோரிடாவின் மயாமி கடற்கரை. நார்மன் ஜோசப் உட்லேண்ட் என்ற இளைஞர், கடையில் பொருள்களைத் தானாக அடையாளம் காண வழி தேடிக்கொண்டிருந்தார். சாரணர் படையில் கற்ற மோர்ஸ் தந்திக் குறிகள் நினைவுக்கு வந்தன. விரல்களை மணலில் ஊன்றித் தன் பக்கமாக இழுத்தார். புள்ளியும் கோடும் கீழ்நோக்கி நீண்டு மெலிந்த கோடுகளாகவும் தடித்த கோடுகளாகவும் ஆயின. நண்பர் பெர்னார்ட் சில்வரோடு சேர்ந்து 1952இல் காப்புரிமை பெற்றார். ஆனால் மலிவான லேசர் ஒளியும் சின்னக் கணினியும் வரும் வரை அந்த எண்ணம் காத்திருக்க வேண்டியிருந்தது. 1974 ஜூன் 26 அன்று ஓஹையோவின் டிராய் ஊர்ப் பலசரக்குக் கடையில் ஒரு சூயிங்கம் பொட்டலம் ஸ்கேனரைக் கடந்தபோதுதான் அது வேலைக்கு வந்தது.

நானும் நான்கு விரல்களை ஊன்றி இழுத்துப் பார்த்தேன். ஈரமணலில் நான்கு கோடுகள். அலை வந்து நிரப்பும் வரை எழுந்திருக்கத் தோன்றவில்லை.

மறுநாள் காலை, சரக்கு வாங்குகிறவரின் ஆள் காரில் வந்து அழைத்துப் போனார். துறைமுகமும் கிடங்கு இருக்கும் வெஸ்ட்லாண்ட் பகுதியும் ஆற்றின் இரு கரையில் எதிரெதிரே இருக்கின்றன; ஆனால் லாரி நேராகப் போக முடியாது. 2024 டிசம்பரில் ஆற்றுக்கடியில் மாஸ்டெல்டா சுரங்கச் சாலை திறந்த பிறகு சுற்று குறைந்திருக்கிறது என்றார். சாலையின் இரு பக்கமும் கண்ணாடி. வீட்டுக்குப் பின்னால் கண்ணாடி, கால்வாய்க்கு அப்பால் கண்ணாடி, மாதாகோயிலை ஒட்டிக் கண்ணாடி. இந்தப் பகுதிக்கே ‘கண்ணாடி நகரம்’ என்றுதான் பெயர். எங்கள் ஊரில் எந்தத் திசையில் நின்று பார்த்தாலும் தென்னை தெரிவது போல.

கிடங்குக்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்த்தது பேலட்டுகளை அல்ல, வாசனையை. வாசனையைப் பார்க்க முடியாது என்பது தெரியும். ஆனால் அப்படித்தான் இருந்தது. காய்ந்த மட்டையின் வாசனை, களத்தில் பித் கிண்டும்போது எழுகிற அதே வாசனை, அந்தக் குளிரில் கண் முன்னால் நின்றது. பிறகுதான் வரிசை தெரிந்தது. மரப் பேலட்டின் காலில், 56 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கிப் பூச்சி நீக்கியதற்கான கோதுமைக் கதிர் முத்திரை. அதற்கு மேலே பிளாஸ்டிக் உறை. உறையின் மேல் என் லேபிள்.

உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரியது, 105க்கு 148 மில்லிமீட்டர். அதில் மேல் பாகம் மனிதர்களுக்கு: சரக்கின் பெயர், அனுப்புகிறவர், பெறுகிறவர். நடுப்பாகத்தில் எண்களை எழுத்தாக. கீழே இயந்திரத்துக்கான பார்கோடு. எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் பார்கோடுதான் அந்தப் பேலட்டின் பெயர். அடைப்புக்குறிக்குள் இரண்டு பூஜ்யம், பிறகு 18 இலக்கம். தொழிலில் எஸ்எஸ்சிசி என்போம். ‘அனுப்பும் பெட்டித் தொடர் எண்’ என்று தமிழில் சொல்லலாம். இந்தப் பெயரிலுள்ள பெட்டி துறைமுகத்தில் பார்த்த இரும்புப் பெட்டி அல்ல. அட்டைப்பெட்டியோ பேலட்டோ, ஒன்றாகக் கட்டி ஒன்றாகப் பயணம் போகும் எதுவும் இதற்குப் பெட்டிதான்.

அந்த 18இல் முதல் இலக்கம் நம் விருப்பம். அடுத்து, பிரஸ்ஸல்ஸைத் தலைமையிடமாகக் கொண்ட ஜிஎஸ்1 அமைப்பு நமக்குக் கொடுத்த நிறுவன எண். இந்தியாவில் பதிவுசெய்திருந்தால் 890 என்று தொடங்கும். பிறகு நாமே போடும் தொடர் எண். கடைசி இலக்கம் இங்கேயும் காவல்காரர்: பின்னாலிருந்து ஒன்றுவிட்டு ஒன்றை மூன்றாலும் ஒன்றாலும் பெருக்கிக் கூட்டி, அடுத்த பத்துக்கு எவ்வளவு குறைகிறதோ அது. ஒரு முறை அனுப்பிய எண்ணை ஒரு வருடத்துக்குள் மறுபடி வேறு பேலட்டுக்குக் கொடுக்கக் கூடாது என்பது விதி. சுற்றிலும் 87இல் தொடங்கும் டச்சு எண்கள். நடுவே என் 890. திருவிழாக் கூட்டத்தில் நம் ஊர்ச் சட்டை போட்ட பிள்ளையைப் பார்த்தது போல இருந்தது.

அதை வடிவமைத்த நாள்கள் நினைவுக்கு வந்தன. லேபிள் மென்பொருளில் பார்கோடைச் சுட்டியால் பிடித்து இழுத்துப் பெரிதாக்கலாம். புதிதாக வருகிற எல்லோரும் அதைத்தான் செய்வார்கள், நானும் செய்தேன். செய்யவே கூடாது. எங்கள் வெப்ப அச்சியந்திரம் ஒரு மில்லிமீட்டருக்கு எட்டுப் புள்ளி சுடும். மிக மெல்லிய கோட்டின் அகலம் முழுப் புள்ளிகளாக இருக்க வேண்டும். நான்கு புள்ளி வைத்தால் அரை மில்லிமீட்டர். இழுத்து நீட்டினால் நான்கரைப் புள்ளி ஆகும். அரைப் புள்ளியைச் சுட முடியாமல் இயந்திரம் ஒரு கோட்டை நான்காகவும் அடுத்ததை ஐந்தாகவும் அடிக்கும். கண்ணுக்கு அழகாக இருக்கும், ஸ்கேனருக்குப் புரியாது.

கோட் 128 என்ற இந்தக் குறிமுறையில் எண்களை இரண்டிரண்டாகச் சேர்த்து ஒரு குறியாக்கிவிடலாம். ஒவ்வொரு குறிக்கும் 11 பங்கு அகலம், அதில் மூன்று கோடு, மூன்று இடைவெளி. தொடக்கக் குறி, அடையாளக் குறி, 20 இலக்கத்துக்குப் பத்துக் குறி, சரிபார்ப்புக் குறி, முடிவுக்கு மட்டும் 13 பங்கு, மொத்தம் 156. அரை மில்லிமீட்டர் வீதம் 78 மில்லிமீட்டர். இரண்டு ஓரத்திலும் பத்துப் பத்துப் பங்கு வெறும் வெள்ளை. அந்த வெள்ளைதான் புதியவர்களுக்குப் புரியாத பகுதி. இடம் வீணாகிறதே என்று நிறுவனச் சின்னத்தைக் கொண்டுவந்து ஒட்டிவிடுவார்கள். பாட்டுக்கு முன்னால் சுருதி கேட்க ஓர் அமைதி வேண்டாமா? ஸ்கேனருக்கு அந்த வெள்ளை அப்படி. ஆக 88 மில்லிமீட்டர், 105க்குள் அடங்கிவிடும். கோடுகள் வேலிக்குச்சி போல நின்ற வாக்கில் இருக்க வேண்டும். தரையிலிருந்து 400 முதல் 800 மில்லிமீட்டர் உயரத்துக்குள், செங்குத்து விளிம்பிலிருந்து 50 மில்லிமீட்டராவது உள்ளே தள்ளி ஒட்ட வேண்டும். ஃபோர்க்லிஃப்டில் இருப்பவர் குனியாமல் சுடும் உயரம் அது.

இவையெல்லாம் கற்றுக்கொள்ளக் கூடியவை. எனக்குத் தூக்கம் போனது வேறொன்றில், மூன்று வருடங்களுக்கு முன்.

மென்பொருளில் தொடர் எண் என்பது ஒரு புலம். ஒவ்வொரு லேபிள் அச்சானதும் ஒன்று கூடும். கடைசி எண்ணை வடிவமைப்புக் கோப்பே நினைவில் வைத்துக்கொள்ளும். சீசன் நேரம், இரண்டாவது பேக்கிங் கூடம் திறந்தோம். அங்கே ஒரு கணினி, ஒரு பிரிண்டர். கோப்பை பென் டிரைவில் எடுத்துப் போய் அந்தக் கணினியில் போட்டேன். நகல் எடுத்தபோது எண்ணின் நினைவும் நகலாகிவிட்டது. இரண்டு கூடமும் ஒரே எண்ணிலிருந்து எண்ண ஆரம்பித்தன. ஆறு நாள் யாருக்கும் தெரியவில்லை. பார்கோடு ஒவ்வொன்றும் பிசிறில்லாமல் இருந்தது, சரிபார்ப்பு இலக்கம் சரியாக இருந்தது, ஸ்கேனர் சந்தோஷமாகச் சத்தமிட்டது. தனித்தனியாகப் பார்த்தால் ஒரு லேபிளிலும் தப்பில்லை. காவல் இலக்கம் எழுத்துப் பிழையைப் பிடிக்கும். ஒரே பெயரை இருவருக்கு வைத்ததைப் பிடிக்காது.

நாற்பது நாளுக்கு மேல் கழித்து இந்தக் கிடங்கிலிருந்து ஒரு புகைப்படம் வந்தது. வேறு எழுத்தே இல்லை. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பேலட், இரண்டிலும் ஒரே எண். முதலாவதை உள்ளே எடுத்த கணினி, இரண்டாவதை ‘ஏற்கெனவே வந்துவிட்டது’ என்று மறுத்திருக்கிறது. இருபத்துமூன்று பேலட்டுகள் இப்படி வாசலில் நின்றன. எந்தத் தொகுதி எதில் இருக்கிறது, எதன் உப்பளவுச் சோதனை எதற்குரியது என்று இரண்டு இரவு உட்கார்ந்து பிரித்தெடுத்தேன். அந்தப் படம் இன்றும் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது.

அதற்குப் பிறகு எண்ணைக் கோப்பிலிருந்து பிடுங்கித் தனியாக ஒரு தரவுத்தளத்தில் வைத்தோம். எத்தனை கூடம் இருந்தாலும் எண் கொடுப்பது ஓரிடம். லேபிள் கேட்டால் அடுத்த எண்ணைக் கொடுத்து அந்தக் கணமே கதவைச் சாத்திவிடும். ரோல் சிக்கி லேபிள் கிழிந்தாலும், ரிப்பன் சுருங்கிப் பாதி அச்சானாலும் அந்த எண் செலவானதுதான், திரும்ப வராது. கிழிந்ததை நோட்டில் ஒட்டித் தேதி எழுத வேண்டும் என்றேன். லேபிள் ஒட்டும் அக்கா அதை இன்று வரை ஒரு நாளும் விட்டதில்லை.

கிடங்கில் பொறுப்பிலிருந்த பெண்மணியிடம் அந்தப் புகைப்படத்தைப் பற்றிச் சொன்னேன். எடுத்ததே அவர்தானாம். மன்னிப்புக் கேட்டேன். தலையசைத்துவிட்டு, “எண் சரியாக இருக்கும்போது நான் உங்கள் ஊரை நினைப்பதே இல்லை. பேலட் வரும், போகும். எண் தப்பாக இருந்த அந்த ஒரு வாரம்தான் உங்களை நினைத்தேன்” என்றார். பிறகு ஸ்கேனரை என் கையில் கொடுத்தார்.

வரிசையில் நடந்து ஒரு பேலட்டின் முன் நின்றேன். கொழும்பில் கப்பல் மாறி, ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்தது. பேலட் உறையின் ஓரத்தில் ஒரு வியர்வைக் கோடு. பெட்டிக்குள் நீராவி பனித்து வடிந்த தடம். லேபிளில் ஒரு கோடுகூட மங்கவில்லை. சுட்டேன். ‘பீப்’. திரையில் எங்கள் தொகுதி எண், கட்டிகளின் எண்ணிக்கை, பொள்ளாச்சியில் கட்டிய தேதி. எங்கள் கூடத்தில் தினம் நூறு முறை கேட்கிற சத்தம் அது. இங்கே, இந்தக் கூரைக்கு அடியில், அது என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது போல் இருந்தது.

அடுத்த பேலட்டைச் சுட்டபோது ஓர் இடைவெளி கண்ணில் பட்டது. காவல் இலக்கத்தை விட்டுவிட்டுப் பார்த்தால் முதலாவது 417, அடுத்தது 419. பெட்டியில் வந்த எல்லாவற்றையும் பார்த்தேன், 418 இல்லை. எதுவும் தொலையவில்லை என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் கைப்பேசியை எடுத்தேன். அங்கே மூன்றரை மணி நேரம் முன்னால். மாலைத் தேநீர் முடிந்திருக்கும்.

“ஏந் தம்பி, நம்ம சரக்கு போய்ச் சேந்துருச்சுங்களா?”

“சேந்துருச்சுங்க்கா. தொட்டுட்டுத்தான் நிக்கிறேன். நானூத்திப் பதினெட்டு என்னாச்சுன்னு கொஞ்சம் நோட்டப் பாருங்க.”

தாள் புரளும் சத்தம். பின்னால் பிரஸ் ஓடுகிற இரைச்சல்.

“இருக்குதுங் தம்பி. ஏப்ரல் ஒம்பது, ராத்திரி ஷிஃப்ட். கரண்டு போயிப் பாதியில நின்னுருச்சு. பாதிக் கோடுதான் இருக்குது. ஒட்டி வெச்சிருக்கேன்.”

“செரிங்க்கா.”

“அங்க ஒட்டியிருக்கற லேபிளெல்லாம் அப்பறம் என்ன பண்ணுவாங்க?”

பெண்மணியிடம் கேட்டேன். உறையைக் கிழித்துக் கட்டிகளை எடுத்துப் பண்ணைக்கு அனுப்பியதும் பேலட் கலைந்துவிடும். எண்ணின் வேலை அதோடு முடிந்தது. உறையோடு சேர்த்து லேபிளும் குப்பைக்குப் போகும் என்றார். அக்காவிடம் சொன்னேன்.

கொஞ்ச நேரம் பிரஸ் இரைச்சல் மட்டும் கேட்டது.

“அப்பன்னா வந்து சேந்ததெல்லாம் போயிரும். போகாதது மட்டும் எங்கிட்ட இருக்கும்” என்றார். “இருங் தம்பி, ரோல் தீந்துருச்சு, மாத்திட்டு வந்தர்றேன்.”